எருமைகள் இறங்காத ஏரி

எங்கள் ஏரிக்குள் மாடு இறங்கக் கூடாது என்று முதலில் சொன்னவன் நான்தான். விதி புத்தகத்தில் எங்கோ இருந்திருக்கலாம். அதைத் தூசி தட்டி எடுத்து, மனு எழுதி, வனத்துறை ரேஞ்சர் மேசையில் கொண்டுபோய் வைத்தது என் கை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததற்கெல்லாம் அதிகாரிகளைத் திட்டினால் எனக்குச் சுகமாக இருக்கும், ஆனால் உண்மையாக இருக்காது.

பறவைகளுக்கென்று ஒதுக்கிய ஓர் ஏரிக்கு நான் காவலன். நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற பக்கம் உள்ளே தள்ளி இருக்கிறது. கரையில் ஓட்டு அறை ஒன்று, பழைய பைனாகுலர் ஒன்று, காக்கிச் சட்டை, பூட்ஸ். ஐப்பசி மழைக்கு ஏரி நிரம்பும். கார்த்திகை முடிவில் தண்ணீர் மெல்ல வாங்கி ஓரத்தில் சேறு தெரியத் தொடங்கும்போது உள்ளான்கள் வந்து இறங்கும். சின்னப் பறவைகள், கோணி ஊசி போல மூக்கு. சேற்றைக் குத்திக் குத்திப் புழு எடுத்துத் தின்னும். மார்கழி, தை, மாசி மூன்று மாதமும் அவற்றுக்குக் காவல் இருப்பதுதான் என் பனிக்கால வேலை. வலை கட்டுகிறவனைத் துரத்த வேண்டும், தெருநாய்களைத் துரத்த வேண்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்திலிருந்து பறவை எண்ண வரும் தன்னார்வலர்களுக்குச் சேற்றில் விழாமல் வழி காட்ட வேண்டும்.

ஏரிக்கரையை ஒட்டியே என் அக்கா வீடு. மாமா போர்வெல் வண்டியில் வேலை. ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகக் குழி போட்டுவிட்டுப் பொங்கலுக்குத்தான் வீட்டுக்கு வருவார். மிச்ச நாளெல்லாம் அக்காவுக்குத் துணை அவள் மகளும் நான்கு எருமைகளும். விடிகாலை பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிவிட்டு எருமைகளை அவிழ்த்துவிட்டால், அவை தாமாகவே ஏரிக்குப் போய்க் கோரை மேய்ந்து, சேற்றில் புரண்டு, சாயங்காலம் தாமாகவே வந்துவிடும். கொம்பு வளைந்த கிழட்டு எருமை ஒன்றுதான் முன்னால் நடக்கும். மற்ற மூன்றும் அதன் வாலைப் பார்த்துக்கொண்டு போகும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்கழிக் காலை. பனி முழுக்க விலகவில்லை. சேறு தெரியாதபடி உள்ளான்கள் இறங்கியிருந்தன. அத்தனை பறவைகளை நான் அதற்கு முன் ஒன்றாகப் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து அக்காவின் எருமைகள் வரிசையாகக் கரை இறங்கின. கிழட்டு எருமை சேற்றில் முதல் காலை வைத்ததுமே அத்தனையும் குபீரென்று எழும்பிவிட்டன. எனக்கு உச்சந்தலை வரை கோபம் ஏறியது. நேராக அக்கா வீட்டுக்குப் போய், "ஆபீசுக்கு ஒரு கடுதாசி எழுதோணும், வெள்ளத்தாள் இருக்குதா?" என்று கேட்டேன். அவள் மகளின் கணக்கு நோட்டிலிருந்து இரண்டு தாள் கிழித்துக் கொடுத்தாள். காப்பியும் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்துதான் அந்த மனுவை எழுதினேன்.

பறவைகள் எழும்பியதைப் பார்த்தவன், அவை திரும்பி எங்கே உட்கார்ந்தன என்று பார்க்கவில்லை. ஐந்து நிமிஷம் நின்றிருந்தால் போதும். பொறுமை என்பது எனக்குப் பிறவியிலேயே கிடையாது. கொதிக்கிற சோற்றைக் கையால் துழாவுகிறவன் என்று வீட்டில் பெயர்.

மூன்று வாரத்தில் உத்தரவு வந்தது. கால்நடைகள் நுழையக் கூடாது, சுற்றிலும் கம்பி வேலி, ஒரே ஒரு கேட், சாவி என்னிடம். ரேஞ்சர் முதுகில் தட்டிக் கொடுத்தார். மற்றவன் மாட்டை மறிக்கப் போனால், உங்க அக்கா எருமை மட்டும் என்ன ஒசத்தி என்று கேட்பான். அதனால் முதலில் அக்காவிடம் போனேன்.

"அக்கா, நாளைலிருந்து எருமைகள ஏரிக்குள்ள உடாத."

பால் கறந்துகொண்டிருந்தவள் திரும்பவில்லை. "ஆரு சொன்னாங்க?"

"ஆபீஸ்ல சொல்லிப்போட்டாங்க. நா என்ன பண்றது?"

கறந்து முடித்துச் செம்பைத் தூக்கிக்கொண்டு எழுந்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "செரி சாமி. உன்ற வேலைக்கு ஒண்ணும் ஆகாதில்ல?" என்று மட்டும் கேட்டாள். ஆகாது என்றேன்.

மறுநாளும் எருமைகள் வந்தன. அவற்றுக்கு யார் உத்தரவு படித்துக் காட்டுவது? கிழட்டு எருமை கேட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றது. கையில் குச்சியோடு நான் இந்தப் பக்கம் நின்றேன். ஒரு வாரம் அப்படி வந்து நின்றுவிட்டுப் பிறகு நிறுத்திக்கொண்டது. அக்கா வரப்பு வரப்பாகப் புல் அறுத்துப் பார்த்தாள், சோளத்தட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாள். அவள் காடு மழையை நம்பிய மேட்டுக்காடு, நான்கு வயிற்றுக்கு அங்கே என்ன இருக்கிறது? மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, நான் கேட்டுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு வேன் கரையோரமாகப் போனது. பின்னால் நான்கு எருமைகளும் கயிற்றில் நின்றன. சந்தைக்குப் போகிறது என்று தெரிந்தது. கை காட்டி நிறுத்தியிருக்கலாம். நிறுத்தி என்ன சொல்வது என்று தெரியாததால் பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அக்கா கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். என்னோடு பேச்சை நிறுத்தவில்லை. சண்டை போட்டிருந்தாலாவது நானும் நாலு வார்த்தை பேசி மனசைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அடுத்த பனிக்காலம் ஏரி பார்க்கப் பச்சைப் பசேல் என்று இருந்தது. பெருமையாகத்தான் இருந்தது. சேறு இருந்த இடமெல்லாம் இடுப்பு உயரத்துக்குக் கோரை. உள்ளான்கள் வந்து ஒரு சுற்று சுற்றின, ஓரத்தில் கொஞ்சம் இறங்கின, பொங்கலுக்கு முன்பே காணாமல் போய்விட்டன. மழை கூடிப்போச்சு, அதனால்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்கடுத்த வருஷம் இறங்கியது இன்னும் குறைவு. மூன்றாம் வருஷம், அதாவது இந்த மார்கழி, கோரை என் தலைக்கு மேல் நின்றது. உள்ளான்கள் மேலே சுற்றின. இறங்க ஓர் அடி சேறு இல்லை. நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். காவிரிப் பக்கம் போய்விட்டன.

தன்னார்வலர்கள் சும்மா இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முப்பது பேர் கையுறை போட்டுக்கொண்டு வந்து கோரை பிடுங்கினார்கள். கம்ப்யூட்டர் கம்பெனிப் பிள்ளைகள், பாவம், கை கொப்புளித்துவிட்டது. மத்தியானம் எலுமிச்சை சாதம் சாப்பிடும்போது பார்த்தால், ஒரு கல்யாணப் பந்தி உட்காரும் அளவு இடம் தெரிந்தது. எல்லோரும் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஞாயிறு அந்த இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. கிழங்கு உள்ளே இருக்க, தலையைக் கிள்ளினால் கோரை போகுமா?

அவர்களுக்குத் தலைவி போல இருப்பவர் சூரமங்கலத்து அம்மா ஒருவர், ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர்தான் அன்றைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பழைய படம் ஒன்றைப் போனில் காட்டினார். மூன்று வருஷத்துக்கு முந்தைய மார்கழியில் எடுத்தது. அக்காவின் எருமைகள் நான்கும் சேற்றில் போய்க்கொண்டிருக்கின்றன. அவற்றின் பின்னாலேயே, குளம்பு பதிந்த குழிக்கு ஒன்றாக, உள்ளான்கள்.

"பெரிசு பண்ணிப் பாருங்க. எருமை மிதிச்ச பள்ளத்துல தண்ணி நிக்குது, அதுலதான் புழு. கோரையையும் அதுங்கதான் தின்னு வச்சிருந்திருக்கு. இது புரிய எனக்கே மூணு வருஷம் ஆச்சு, உங்களை என்ன சொல்றது!" என்றார். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்பார்கள். நான் இருந்த பிள்ளையாரையே அல்லவா உடைத்திருக்கிறேன்.

மறுபடி மனு எழுதினேன். இந்த முறை தாள் கடையில் வாங்கினேன். ஆச்சரியம், புதிதாக வந்திருந்த ரேஞ்சர் உடனே ஒத்துக்கொண்டார். பங்குனி வரை சோதனையாக எருமை இறக்கிப் பார்க்கலாம், அப்புறம் மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு ஊரைப் பார்த்தேன். ஊரில் ஓர் எருமை இல்லை. மேய்க்க இடமில்லாமல் போனதும் எல்லோருமே விற்றிருந்தார்கள். இருப்பதெல்லாம் கொட்டகையில் கட்டிப்போட்டுத் தீவனம் தின்கிற ஜெர்சி மாடுகள். கெஞ்சிக் கூத்தாடி, ஒரு பங்காளி வீட்டிலிருந்து மூன்று ஜெர்சிகளை ஓட்டி வந்தேன். கரை மேலேயே நின்றுவிட்டன. பின்னால் தள்ளினேன், முன்னால் போய் இழுத்தேன். ஒன்று சேற்றில் ஒரு கால் வைத்துவிட்டுச் சுடுநீரில் வைத்ததுபோல எடுத்துக்கொண்டது. தன்னார்வலர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள். பங்காளி மட்டும், "ஏனுங்க, அதுகளுக்கு ஃபேன் போட்டு வளத்தறமுங்க. போய்ச் சேத்துல எறங்குன்னா எறங்குமா?" என்றார்.

மிச்சம் இருந்தது அக்காதான். இரண்டு எருமை வாங்கச் சொல்லிக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். அவள் எருமைகள் போன வழியில்தான் உள்ளான்கள் திரும்பி வர வேண்டும். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. மாட்டுக்குப் பொங்கல் வைக்கும் பட்டிப் பொங்கலன்று, பொங்கல் சீரையும் கொடுத்த மாதிரி இருக்கும் என்று, சேலையும் கரும்பும் மஞ்சள்கொத்தும் எடுத்துக்கொண்டு டியூட்டி உடுப்போடே போனேன்.

சாயங்காலம். மாமா வந்திருந்தார். காலியான கட்டுத்தறிக்கு முன்னால் சாணி மெழுகிக் கோலம் போட்டுப் பொங்கல் பொங்கியிருந்தது. பக்கத்தில், எப்போதும் போல, மண்ணால் நாலு பக்கமும் கரை கட்டி மஞ்சள்தண்ணீர் ஊற்றி, ஆவாரம்பூவும் பூளைப்பூவும் வைத்த சின்னத் தெப்பக்குளம். பூசை முடிந்ததும் பட்டி மாடு ஒன்று அதை மிதித்துத் தாண்ட வேண்டும், அப்போதுதான் பட்டி பெருகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மாடே இல்லாத வீட்டில் எதற்கு என்று மாமா கேட்டாராம். நிறுத்திவிட்டால் அப்புறம் பட்டி எப்போதுமே நிறையாது என்றாளாம் அக்கா. போன வருஷம் பக்கத்து வீட்டு ஆட்டைப் பிடித்து வந்து மிதிக்க விட்டிருக்கிறாள். இந்த வருஷம் அந்த வீட்டிலும் ஆடு இல்லை.

சீரை வாங்கிக்கொண்டாள். நான் மென்று முழுங்கிக் கேட்டேன். "அக்கா, ஏரிக்குள்ள எருமை உடலாமுன்னு சொல்லிட்டாங்க. நீ ரண்டு வாங்குனீன்னா..."

"எத்தன நாளைக்குச் சாமி?"

"இப்பத்திக்குப் பங்குனி வரைக்கும்."

"அதுக்கு மேல?"

அந்த ரேஞ்சர் மாற்றலாகிப் போய்விட்டால் பங்குனியே நிச்சயமில்லை. பூட்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பங்குனிக்கு மேல மறுக்காவும் வேன்ல ஏத்தி உடச் சொல்றியா? ஒருக்கா ஏத்தி உட்டதே போதுஞ்சாமி." குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அப்புறம் ஆவாரம்பூவைச் சரி செய்துகொண்டே, "ஆபீஸ்ல சொன்னாங்கன்னு நீ அன்னிக்கு வந்து சொன்னயே, அப்பவே எனக்குத் தெரியும். பாப்பா நோட்டுல தாள் கிழிச்சுக் குடுத்தது நாந்தான?" என்றாள்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மூன்று வருஷம் தெரிந்தே எனக்குக் காப்பி கொடுத்திருக்கிறாள். வெட்கத்தில் காதெல்லாம் எரிந்தது.

"பொழுது எறங்குது. ஒரு காலாவது படோணும்," என்று தெப்பக்குளத்தைக் காட்டினாள். "நீயே வந்து மிதி."

கேலி செய்கிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. அவளுக்கு நிஜமாகவே ஒரு கால் வேண்டியிருந்தது. பூட்ஸைக் கழற்றினேன். பேண்டைச் சுருட்டிக்கொண்டு குளத்துக்குள் வலது காலை வைத்தேன். தண்ணீர் சில்லென்று இருந்தது. கரை ஒரு பக்கம் உடைந்து பூவெல்லாம் வழிந்தது. மாமா தட்டை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி, "பட்டி பெருக, பால் பானை பொங்க" என்றார். யாரும் கூடச் சேர்ந்து சொல்லவில்லை.

காலை எடுத்தேன். என் பாதம் பதிந்த பள்ளத்தில் தண்ணீர் மெல்ல ஊறி நின்றது. அக்கா வாழையிலையில் ஒரு பிடி பொங்கல் எடுத்து, எருமைக்கு ஊட்டுகிற மாதிரியே, என் வாய்க்கு நேராக நீட்டினாள்.