பூட்டாத வீடு

மனைவி லூயிசா முதல் பூசை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான், டிரில் மாஸ்டர் இக்னேஷியஸ் இரண்டாம் பூசைக்குப் புறப்படுவார். இரண்டு வருஷமாக எல்லா ஞாயிறும் இப்படித்தான். சாந்தோம் கோயில் கூப்பிடு தூரம். ஆனாலும் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்து போய் நான் பார்த்ததில்லை.

எல்லாம் அந்த வாடகைக் கண்ட்ரோல் உத்தரவு வந்ததிலிருந்து. வீட்டுக்காரர் சண்முகவேல் யுத்தம் முடிந்த கையோடு வாடகையை இரட்டிப்பாக்கினார். மாஸ்டர் மனுப் போட்டுப் பழைய வாடகைக்கே இறக்கிவிட்டார். இனி காரணமில்லாமல் காலி செய்யச் சொல்லவும் முடியாது. உத்தரவுக்குக் கண்ணாடி போட்டு இயேசுவின் திருஇருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கிறார். இரண்டுக்கும் சேர்த்துத்தான் சிலுவை போட்டுக்கொள்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

வீட்டை மாதக்கணக்கில் பூட்டிப் போட்டால் குடித்தனக்காரரைக் கிளப்பலாம் என்றும் சட்டத்தில் ஒரு வரி உண்டு. மாதக்கணக்கில்! பக்கத்து வீட்டுக்காரனான நான் இதை மாஸ்டருக்குப் பத்துத் தடவை படித்துக் காட்டிவிட்டேன்.

"அதெல்லாம் பேப்பர்ல நைனா. பூட்டு தொங்கறத அந்தாளு ஒருவாட்டி பாக்கட்டும், மறுநாளே நம்ம சாமான் ரோட்ல கீது."

மயிலாப்பூரில் யாருக்கோ அப்படி ஆயிற்றாம். யாருக்கு என்று கேட்டால் தெரியாது.

மகள் நோராவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. "அன்னிக்கு வூட்ல யாரு குந்திக்கினு இருக்கிறது?" என்பதுதான் இவருடைய முதல் கேள்வி. "அப்பா கோயிலுக்கு வராம நான் தாலி கட்டிக்க மாட்டேன்" என்று நோரா அழுதாள். அன்றைக்கு நான் இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றேன். பதறிவிட்டார்.

"வேணாம்பா! உன்ன உள்ள பாத்தா, உள்வாடகைக்கு வுட்டுட்டேன்னு கேசு போட்ருவான்."

இந்த மனிதரோடு இனிப் பேசினால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும் என்று எழுந்து வந்துவிட்டேன்.

கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வெற்றிலை பாக்குப் பழத்தோடு சண்முகவேல் வீட்டுக்கே போய்க் கல்யாணத்துக்கு அழைத்தார். "அந்தாளு நம்ம கண்ணு முன்னால குந்திக்கினு இருந்தா, வூட்டுப் பக்கம் எப்படிப் போவான்?"

சண்முகவேலும் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு வந்து இரண்டாம் வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு வருஷத்தில் முதல்முறையாக வீட்டுக்குப் பூட்டு. மகளின் கையைப் பிடித்துப் பீடத்தை நோக்கி நடந்த மாஸ்டருக்கு மாப்பிள்ளையும் தெரியவில்லை, சாமியாரும் தெரியவில்லை. பார்வை முழுக்க அந்த ஜரிகையின் மேல்தான் இருந்தது.

பாதி வழியில் சண்முகவேல் எழுந்தார். புழுக்கமோ என்னவோ, அங்கவஸ்திரத்தால் விசிறிக்கொண்டே வெளியே போனார். மாஸ்டர் நின்றுவிட்டார். "அப்பா" என்று நோரா அவர் கையை இறுக்கினாள். இந்த நேரத்திலுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் வாசலைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பிறகு அவள் கையை விடாமலே, இடது கையால் கோட்டுப் பையைத் துழாவி, வரிசை ஓரத்தில் நின்ற என் உள்ளங்கையில் வீட்டுச் சாவியை வைத்து அழுத்தினார்.