விழேல்லை, இருந்தனான்

எனக்கு வாய் நீளம். ஊரே சொல்லும். அந்த வாயால்தான் ஐயாவைக் கெடுத்தேன்.

அறுபதுகளின் கடைசி. அம்மா போனபின் நெடுந்தீவு வீட்டில் ஐயாவும் நானும்தான். அண்ணை யாழ்ப்பாணத்தில் உத்தியோகம். எழுபத்துநாலு வயதிலும் ஐயா மாடுகளுக்குத் தானே தண்ணீர் அள்ளுவார். ஒருநாள் வாசல் படலையடியில் தடுக்கி விழுந்து, முழங்கை உரஞ்சுப்பட்டு வந்தார். என் வாய் சும்மா கிடக்குமா?

"இனி ஒருக்கா விழுந்தியளெண்டால் மாடு முழுக்க வித்துப்போட்டு உங்களை அண்ணையிட்டை அனுப்பிப்போடுவன். சொல்லிப்போட்டன்!"

அந்த ஐந்து மாடுகள்தான் அவருக்கு உலகம் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

சோளகக் காற்று வீசிக் கடல் கொந்தளிக்கிற மாதம். ஒரு காலை மாடுகள் கத்துவது கேட்டுக் கிணற்றடிக்குப் போனேன். ஐயா ஈரக் கல்லில், தொட்டியோடு சாய்ந்து இருந்தார். முகம் வெளிறிக் கிடந்தது.

"விழுந்தனீங்களோ?"

"சீ, விழேல்லை பிள்ளை. களைச்சுப்போய் இருந்தனான்."

"அப்ப எழும்புங்கோவன்."

"கால் ஏலாமல் கிடக்கு. சுளுக்குப் போல."

சும்மா உட்கார்ந்திருந்த மனிதனுக்குக் கால் எப்படிச் சுளுக்கும்? நான் யோசிக்கவில்லை. சுளுக்கென்றபடியால், ஊரில் சுளுக்கு எடுக்கிற பக்கத்துவீட்டு அண்ணையைக் கூப்பிட்டேன். அவர் நல்லெண்ணெய் தடவி, காலைப் பிடித்து இழுத்தார். ஐயா வலியில் குழறினார். "பொறுங்கோ ஐயா, சின்னப்பிள்ளையே நீங்கள்?" என்று தோளை அமத்திப் பிடித்தது நான்தான். பாவி நான்.

கடல் அடங்காமல் இரண்டு நாள் வள்ளம் ஓடவில்லை. மூன்றாம் நாள்தான் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடிந்தது.

"எப்ப விழுந்தவர்?" என்று டொக்டர் கேட்டார்.

"விழேல்லை டொக்டர், கிணத்தடியிலை இருந்தவர்."

"இருந்தவருக்கு இடுப்பெலும்பு முறியாது பிள்ளை."

படுத்த படுக்கையில் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. மூன்றாம் வாரம் மூச்செடுக்கவே கஷ்டப்பட்டார்.

"ஏன் ஐயா மறைச்சனீங்கள்?"

"மாட்டை வித்துப்போடுவாயெண்டுதான்."

"விக்கேல்லை ஐயா. அஞ்சும் வீட்டிலை நிக்குது."

பிறகு, "நீ ஏசின பிறகு இது நாலாந்தரம் பிள்ளை. முந்தி மூண்டுதரமும் நானே எழும்பி வந்திட்டன்" என்றார். சொன்னபோது குரலில் ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் போய்விட்டார்.

முந்தி விழுந்து எழும்பிய அந்த மூன்று நாளும் சோற்றுக்குப் பிந்தித்தான் வந்திருப்பார். நான் ஏசிக்கொண்டே போட்டிருப்பேன்.