மரக்குமிழ் வைத்த கேத்தல்

என் வீட்டில் காப்பிக் கேத்தல்கள் இருபத்தாறு இருக்கின்றன. இருபத்தேழாவது எதிர்வீட்டு ஜன்னலில் இருக்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். சொல்லி முடிக்கும்போது உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகலாம். பரவாயில்லை, எனக்கும் உங்களைத் தெரியாது.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாற்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டினேன். தோட்டம் கைமாறி, நாங்கள் இருந்த லயத்து வீடுகளை இடித்ததும் லூனாஸ் பக்கத்தில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தோம். வீடு சின்னது. ஆனாலும் ஹாலில் ஒரு சுவர் முழுக்கப் பலகை அடித்துக் கேத்தல்களை அடுக்கியிருக்கிறேன். எல்லாம் பழைய எனாமல். பச்சை விளிம்பு, நீலப் புள்ளி, சேவல் படம், மூக்கு நீண்டது, மூக்கு உடைந்தது. என் மருமகள் அதற்கு மியூசியம் என்று பெயர் வைத்திருக்கிறாள். குப்பைத்தொட்டி என்று சொல்ல வாய் வராதவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

இவ்வளவும் எங்கே கிடைத்தது என்று வருகிறவர்கள் கேட்பார்கள். பழைய சாமான் பாசாரில் வாங்கினேன் என்பேன். பொய். எல்லாம் சாவு வீட்டில் எடுத்தது.

ஒரு வீட்டில் பெரியவர் போய்விட்டால், அடுக்களை மேல்தட்டிலிருந்து பெரிய கேத்தலை இறக்குவார்கள். பதினாறு நாளும் வருகிற சனத்துக்குக் கறுப்புக் காப்பி அதில்தான். பதினாறு முடிந்த பிறகு அந்த வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கேத்தலைக் கண்டாலே ஆகாது. அந்த நேரம் பார்த்து நான் ஒரு டின் பிஸ்கட்டோடு போய் உட்காருவேன். முதலில் ஒரு பாட்டம் அழுவேன். எனக்கு அழுகை நன்றாக வரும். பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டே, “இத வச்சிக்கிட்டு நீ எதுக்கும்மா தெனம் பார்த்துப் பார்த்து வேதனப்படணும்?” என்பேன். பத்து வீட்டில் எட்டு வீட்டுக் கேத்தல் என் பைக்குள் வந்துவிடும். மற்ற இரண்டு வீட்டில் இன்னொரு தடவை அழ வேண்டியிருக்கும்.

மரக்குமிழ் வைத்த கேத்தலும் அப்படி வந்ததுதான். கோலா கெத்திலில் ஒரு வீடு. அந்த வீட்டுக்காரரும் என் புருஷனும் ஒரே தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். என் புருஷன் முந்திக்கொண்டார், அவர் பத்து வருஷம் கழித்துப் போனார். அவருடைய பதினாறாம் நாள் போயிருந்தேன். மஞ்சள் எனாமல், வயிற்றில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ரோஜா. மூடியின் குமிழ் எப்போதோ உடைந்துபோய், அதற்குப் பதில் ரப்பர் கட்டையில் பம்பரம் மாதிரி ஒன்றைச் செதுக்கித் திருகியிருந்தது.

“அவரு செதுக்குனது அக்கா,” என்றாள் அந்த அம்மா. “எடுத்துட்டுப் போயிருங்க. இனிமே அது என் கண்ணுல படவே கூடாது.”

சுற்றிலும் பத்துக் கிழவிகள் இருந்தோம். கொடுத்தவள் யாருக்குக் கொடுக்கிறோம் என்று நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுடைய மகன்தான் என்னைக் காடியில் ஏற்றி பஸ் நிற்கும் இடத்தில் இறக்கிவிட்டான். மரியாதையான பையன். கதவைத் திறந்துவிட்டு, “பார்த்துப் போங்க பாட்டி” என்றான். மடியில் கேத்தலை வைத்துக்கொண்டு வீடு வந்து சேரும்வரை எனக்குச் சிரிப்புத்தான்.

இப்போது எதிர்வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளிடம் ஒரு கேத்தல் இருந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி ஐயாவின் பங்களாவிலிருந்து வந்தது. வெள்ளை வெளேரென்று, ஒல்லியாக, கொக்கு கழுத்தை நீட்டியது போல மூக்கு. அதை வைத்து அவள் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது.

“இருக்கட்டும்க்கா. செடிக்கு அதான் தோதா இருக்கு” என்பாள்.

ஒருநாள் கோவிலில் அன்னதானத்துக்கு இலை போட்டிருந்தபோது, ஒரு பந்தி ஆட்களுக்கு நடுவே என்னைக் காட்டிச் சொன்னாள்: “எங்க அக்காவுக்கு வேற வேலையே இல்ல லா. எவன் எப்ப சாவான், எந்தக் கேத்தல் எப்ப வரும்னு பார்த்துக்கிட்டே இருக்கும்.”

பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

அடுத்த வாரமே பழைய இரும்பு எடுக்கிற லாரி வந்தது. நான் வாசலுக்கு வந்தபோது அவள் வெறுங்கையோடு உள்ளே போய்க்கொண்டிருந்தாள். “நீங்க கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சுக்கா. அதான் லாரிக்காரன்கிட்ட போட்டுட்டேன்.” செருப்பு மாட்டாமல் லாரிக்குப் பின்னால் ஓடினேன். எழுபது வயதில் ஓடுவது ஓட்டமில்லை, வேகமாக விழுவது. முச்சந்தியில் லாரி நின்றது. இடத்தை அடைக்கிறது என்று அவன் அதைப் பூட்ஸ் காலால் மிதித்துத் தட்டையாக்கி வைத்திருந்தான். கொக்குக் கழுத்து ஒடிந்து கிடந்தது. அன்றைக்கு நான் நிஜமாக அழுதேன். பிஸ்கட் டின் இல்லாமல்.

ஒரு மாதம் போயிருக்கும். அவளும் அவள் மகளும் சிரித்துக்கொண்டே என் வீட்டுக்கு வந்தார்கள்.

மகளுக்கு இருபத்தொன்பது வயது. கூலிம் பக்கம் ஒரு பேக்டரியில் வேலை. அங்கேயே ஒருவனை விரும்பி நான்கு வருஷமாகக் காத்திருந்தாள். பையனின் அம்மா ஒத்துக்கொள்ளவே இல்லை. இப்போதுதான் மனம் இறங்கி, வருகிற ஞாயிற்றுக்கிழமை தட்டோடு வந்து பேசி முடிப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.

“நாலு வருஷம் பெரியம்மா,” என்றது அந்தப் பெண். “அவங்க அம்மா லேசுல மனசு மாறுற ஆள் இல்ல. இந்த ஒரு நாள் மட்டும் நல்லபடியா முடிஞ்சிட்டா போதும்.” போட்டோவில் அழகாக விழும் என்று ஒரு பழைய கேத்தல் வேண்டுமாம். “விண்டேஜ் மாதிரி. நீங்களே நல்லதா பார்த்துக் குடுங்க.”

போனில் பையனின் படத்தைக் காட்டினாள். எனக்குக் காடிக் கதவைத் திறந்துவிட்ட அதே பையன்.

என் கை முதலில் சேவல் கேத்தலுக்குத்தான் போனது. அதைக் கொடுத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கு ஒரு பிள்ளை இருந்திருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மாக்காரி வாயைத் திறந்தாள். “ஒழுகாததா பார்த்துக் குடுங்கக்கா. உங்ககிட்ட இருக்கிறதுல பாதி ஓட்ட.”

கை தானாக நகர்ந்து மஞ்சள் கேத்தலை எடுத்தது. மூடியை முந்தானையால் துடைத்தும் கொடுத்தேன். “இது ஒரு சொட்டு ஒழுகாதும்மா” என்றேன். எனக்கு ஒன்றும் தெரியாது, விளையாட்டுக்குச் செய்தேன் என்று பிறகு பலரிடம் சொன்னேன். இங்கே சொல்ல மாட்டேன். என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை காப்பி கலக்க என்னையே கூப்பிட்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் நல்ல காரியத்தில் முன்னால் வர வேண்டாம் என்று அடுக்களையிலேயே இருந்துகொண்டேன். சாத்திரம் அன்றைக்கு எனக்கு வசதியாக இருந்தது. திரைத்துணி ஓரத்தில் ஒரு கண்ணுக்கு இடமிருந்தது.

பெண் மயில் பச்சைச் சேலையில் தட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். அம்மாக்காரி பெருமை தாங்காமல், “எங்க மாமியார் காலத்துக் கேத்தல்ங்க. இன்னும் பத்திரமா வச்சிருக்கோம்” என்றாள். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அவளாகவே விழுந்தாள்.

முதலில் பார்த்தது பையன்தான். அவன் முகம் வெளிறிப்போனது. சட்டென்று எழுந்து, “குடு, நான் ஊத்துறேன்” என்று கேத்தலைக் கையிலிருந்து வாங்கப் பார்த்தான். மூடியை உள்ளங்கையால் மறைத்தான். அவன் கொஞ்சுகிறான் என்று நினைத்து அந்தப் பெண் வெட்கப்பட்டாள். அவன் கைக்கு அது போயிருந்தால், அடுக்களைக்குக் கொண்டுவந்திருப்பான், எல்லாம் தப்பித்திருக்கும். நான் திரைக்குப் பின்னால் இருந்து குரல் கொடுத்தேன்: “ஒக்காருங்க தம்பி! கல்யாணத்துக்கு அப்புறம் காலம் பூரா நீங்கதானே ஊத்தப் போறீங்க!”

வீடே கொல்லென்று சிரித்தது. யாரோ அவன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். அவன் திரும்பித் திரையைப் பார்த்தான்.

பெண் குனிந்து ஊற்றினாள். வருங்கால மாமியார் கோப்பையைப் பார்க்கவில்லை. கையை நீட்டி அந்த மரக்குமிழைத் தொட்டாள். ஒரு விரலால் சுற்றித் தடவினாள். அதில் ஒரு பக்கம் கத்தி வழுக்கிய வெட்டு இருக்கும், விரல் அங்கே போய் நின்றது.

“இது உங்க மாமியாரோடதா?” என்று கேட்டாள்.

“ஆமாங்க.”

“எங்க வீட்டுக்காரரு செதுக்குனது,” என்றாள். குரலில் கோபமே இல்லை. “அவரு பதினாறுக்கு ஊத்துன கேத்தல். அதுல எம் மவனுக்குக் கோப்பி ஊத்துறீங்க. கேட்டா பொய்யும் சொல்றீங்க.”

எழுந்தாள். கூட வந்தவர்கள் எழுந்தார்கள். கொண்டுவந்த தட்டுகளைத் துணி பிரிக்காமல் தூக்கிக்கொண்டார்கள். பெண்ணின் அம்மா அடுக்களைப் பக்கம் திரும்பி, “அக்கா! அக்கா, வந்து சொல்லுங்களேன்!” என்று கத்தினாள். நான் குழாயை முழுக்கத் திறந்துவிட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். கழுவுவதற்கு அழுக்குக் கோப்பை ஒன்றுகூட இல்லை. யாரும் குடிக்கவே இல்லையே.

பையன் அந்தப் பெண்ணைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொன்னான். ஏழாவது மாதம் சுங்கை பட்டாணியில் அவனுக்குக் கல்யாணம் ஆனது. வேறு பெண்.

அதற்கு அடுத்த வாரம் எதிர்வீட்டுப் பெண் என் வீட்டுக்குத் தனியாக வந்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தினால் பதில் வைத்திருந்தேன். அவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

“இதெல்லாம் எந்தெந்த வீடு பெரியம்மா?”

யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. எனக்கு வாய் நிற்கவில்லை. நீலப் புள்ளி பாடாங் செராய், பச்சை விளிம்பு கோத்தா கோலா மூடாவில் மீன்காரர் வீடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். காலியாக இருந்த இடத்தில் அவள் விரலை வைத்தாள்.

“இது?”

நான் முந்தானையால் பக்கத்துக் கேத்தலைத் துடைத்தேன்.

“அவரு கடைசியா போன் பண்ணப்ப சொன்னாரு. பஸ் ஸ்டாப்புல எறக்கிவிட்ட பாட்டி குரல், திரைக்குப் பின்னாடி கேட்ட குரல், ரெண்டும் ஒண்ணுதானாம். பொய் சொன்னது எங்க அம்மா. அது எனக்குத் தெரியும். ஆனா எடுத்துக் குடுத்தது நீங்க.”

“கேத்தலக் கொண்டாந்து குடுத்துரும்மா,” என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அதுதான் வாயில் வந்தது. பாருங்கள்.

அவள் சிரித்தாள். “அது எங்கிட்டயே இருக்கட்டும் பெரியம்மா. உங்க பதினாறுக்கு நானே வந்து ஊத்துறேன். லீவு போட்டுட்டு வர்றேன்.”

பேத்தியை அனுப்பிக் கேட்டுப் பார்த்தேன். சேவலும் நீலப் புள்ளியும் தருகிறேன், அதைக் கொடு என்றேன். “எனக்கு அவசரம் இல்லன்னு சொல்லு” என்று பதில் வந்தது. கேத்தலைத் தன் ஜன்னலில் வைத்தாள், நேரே என் கட்டிலுக்கு எதிரே. காலையில் பேக்டரி பஸ்ஸுக்கு நிற்கும்போது இந்தப் பக்கம் பார்த்து, “ஒடம்பு எப்படி இருக்கு பெரியம்மா?” என்று கேட்பாள். ஒருநாள் தவறாது. என்ன பாசமான பிள்ளை என்று தாமானில் எல்லாரும் மெச்சுகிறார்கள். அவள் அம்மா என்னோடு பேசுவதில்லை. கேத்தல் இரவல் கேட்டும் இப்போது யாரும் வருவதில்லை.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். இரண்டு நாள் கண்ணே திறக்கவில்லை. மருமகள் மகனுக்குப் போன் போட்டு மெதுவாகப் பேசியது காதில் விழுந்தது. மூன்றாம் நாள் காலையில் கண்ணைத் திறந்து எதிரே பார்த்தேன். ஜன்னலில் கேத்தல் இல்லை. தலையைத் திருப்பினேன். அவர்கள் வீட்டு வேலி மேல், விளக்கித் தேய்த்து, தலைகீழாகக் கவிழ்த்து வெயிலில் காயவைத்திருந்தது. பக்கத்தில் மூடி தனியாக, மரக்குமிழில் எண்ணெய்கூடத் தடவியிருந்தாள்.

காய்ச்சல் விட்டதா என்று எனக்குத் தெரியாது. எழுந்து, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன். கிரில் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வேலிப்பக்கம் வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“எழுந்திட்டீங்களா?” என்றாள். கேத்தலை எடுத்து உள்ளே கொண்டுபோய் மறுபடி ஜன்னலில் வைத்தாள்.