அலசிய பாட்டில்கள்

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு நான்தான் ஆபரேட்டர். மோட்டார் போடுவது, பக்கெட்டில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்துத் தொட்டியில் ஊற்றுவது, தெருவுக்குத் தெரு வால்வு திறப்பது, இவ்வளவுதான் வேலை. ஐந்தாம் வகுப்போடு நின்றவனுக்கு அது போதும். யாரிடமும் அதிகம் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அந்த வேலை பிடித்துப்போயிற்று.

சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி அம்மா வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். குடிதண்ணீரில் கிருமி எங்கே, எப்படிச் சேர்கிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. மழைக்குப் பிறகு எங்கள் கீழத்தெருப் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு. அதைக் கேள்விப்பட்டு எங்கள் ஊரையும் சேர்த்துக்கொண்டார். வாரத்தில் ஒரு நாள் தெருக்குழாய்த் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து, ஐஸ் பெட்டியில் வைத்து, உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் நிற்கும் அவர்கள் லேப் கார் டிரைவரிடம் கொடுக்க வேண்டும். அதை என்னிடம் ஒப்படைத்தார்.

முதல் நாள் நின்றபடியே வேகமாக விளக்கினார். பாதி ஆங்கிலம். "புரிஞ்சுதாண்ணா?" என்றார். தலையாட்டினேன். புரியாததற்கும் தலையாட்டிவிடுவது என் பழக்கம். திரும்பக் கேட்பதென்றால் வாய் திறக்க வேண்டுமே.

வீட்டில் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், ஒவ்வொரு பாட்டிலின் அடியிலும் துளி வெள்ளைப் பொடி. எங்கள் பக்கம் ஒருவருக்குத் தண்ணீர் கொடுத்தால், கழுவிக் கவிழ்த்த சொம்பையும் அவர் கண்ணெதிரே இன்னொரு தடவை அலசித்தான் கொடுப்போம். இது படித்த அம்மாவுக்குப் போகிற தண்ணீர். பக்கெட்டில் மிச்சமிருந்த பிளீச்சிங் தண்ணீரை ஊற்றிக் குலுக்கி, பொடி போனபிறகு குழாயில் பிடித்தேன். எல்லா வாரமும் அப்படித்தான். என் மனைவி ஒருநாள் பார்த்துவிட்டு, "நம்மூட்டு டம்ளர என்னிக்காச்சும் இப்டி கழுவிக்கீறியா?" என்று சிரித்தாள்.

இரண்டு மாதம் போனது. ஊராட்சி அலுவலகத்தில் கீழத்தெருப் பெண்களைக் கூட்டி அந்த அம்மா முடிவைச் சொன்னார். குழாய்த் தண்ணீரில் ஒரு வாரம்கூடக் கிருமி இல்லை. ஆகவே பிடித்துவைக்கும் குடத்தில்தான் கோளாறு. இந்த ஊரில் வேலை இன்றோடு முடிந்தது. "குடத்தைத் தினமும் நல்லாத் தேய்ச்சுக் கழுவுங்க. கைய விட்டு மொள்ளாதீங்க," என்றார்.

என் பக்கத்து வீட்டுப் பெண் எழுந்துவிட்டாள். அவள் மகள் ஆஸ்பத்திரியில் மூன்று நாள் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு முந்தின நாள்தான் வீடு திரும்பியிருந்தாள்.

"இன்னாமா சொல்ற? நான் கொடத்த பாசி புடிக்க வுட்டுக்கினு கீறேனா? எங்கூட்டு கொடத்துல நீ மூஞ்சி பாத்து பொட்டு வெச்சிக்கலாம். வா, வந்து பாரு!"

"உக்காரும்மா," என்றார் ஊராட்சிச் செயலர். "லேப்ல பாத்தது பொய்யா?"

"அப்ப நான் சொல்றதுதான் பொய்யா?" என்றவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த அம்மா சங்கடத்தோடு ஒரு புதுப் பாட்டிலை எடுத்துக் காட்டினார். "கோவப்படாதீங்கக்கா. இது கிருமி இல்லாம சீல் வெச்சு வர்ற பாட்டில். இதைக் கழுவவே கூடாது. உள்ள இருக்கற பொடி, தண்ணியில இருக்கற பிளீச்சிங்கை அடக்கிடும். இல்லன்னா பாட்டிலுக்குள்ளயே கிருமி செத்துப் போய், லேப்ல ஒண்ணும் தெரியாது. அண்ணன் சரியா புடிச்சு அனுப்பிருக்காரு. தப்பு நடக்க வழியே இல்ல."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். சொன்னால் செயலர் என்னை வேலையில் வைத்திருப்பாரா தெரியாது. சொல்லாவிட்டால் இந்தப் பெண் ஊருக்கே அழுக்குக் குடக்காரி. குழாயை யாரும் தோண்டிப் பார்க்கப்போவதில்லை. பிள்ளைகள் அந்தத் தண்ணீரையேதான் குடிப்பார்கள்.

"நான் கழுவிட்டேம்மா," என்றேன்.

"எதை?"

"பாட்டில. பிளீச்சிங் தண்ணில."

"எத்தனை வாரம்ணா?"

"எல்லா வாரமும்."

செயலர் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நல்லா கீது போ! கழுவக் கூடாதத இந்த மாமா கழுவிட்டு வந்து குந்திகினு கீறாரு, எனக்கு கொடம் கழுவ சொல்லிக் குடுக்கறாங்க!" என்றாள். பெண்கள் சிரித்துவிட்டார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை. நோட்டில் எங்கள் தெருவுக்கான பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிக் கோடு போட்டு அடித்தார். இரண்டு மாத உழைப்பு. பிறகு, "நான் கேட்டதும் தலையாட்டினீங்க. நானும் அதோட விட்டுட்டேன்," என்றார்.

அன்றே அவர் கையால் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார். அடுத்த வாரம் போன் வந்தது. கிருமி இருந்தது, நிறையவே. தெருமுனையில் சாக்கடைக்கு அடியில் போகும் பைப்பைத் தோண்டினோம். இணைப்பு விட்டுப்போயிருந்தது. தெரு வால்வை மூடியதும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. செயலர் என்னை நாலு வார்த்தை திட்டினார். வேலையில் இருந்து எடுக்கவில்லை.

பைப் மாற்றிய பிறகும் பாட்டில்கள் எனக்கே வருகின்றன. இப்போதெல்லாம் அந்த அம்மா "புரிஞ்சுதா" என்று கேட்பதில்லை. "நீங்க சொல்லுங்கண்ணா, நான் கேக்கறேன்," என்கிறார். பாட்டிலில் பிடிக்கும் முறையை முதலிலிருந்து நான் சொல்ல வேண்டும், சத்தமாக, தெருக்குழாயடியில். பக்கத்து வீட்டுப் பெண் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசி வரை நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.