தேதி மட்டும் விட்ட பேனர்

தெருவில் ரெடி என்போம், ஆபீஸில் தயார் என்போம். ஆயத்தம் என்ற சொல் எங்களுக்குச் சபையில் மட்டும்தான். திருவிருந்துக்கு முந்தின சனிக்கிழமை ஆயத்த ஆராதனை நடக்கும். யாரோடு மனத்தாங்கல் இருக்கிறதோ அவரிடம் பேசித் தீர்த்துவிட்டு வாருங்கள், அதுதான் ஆயத்தம் என்பார் போதகர். எனக்கு அது மண்டையில் ஏறியதே இல்லை. செங்கல்பட்டில் ஓர் ஆபீஸில் ஃபைல் பார்க்கிறவள் நான். குடை, ஜெராக்ஸ், மெழுகுவத்தி என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வைப்பதுதான் எனக்கு ஆயத்தம். அதில் பெருமை வேறு.

நைனாவுக்கு நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார் டாக்டர். தம்பி அழுதான். நான் பேனருக்குச் சொன்னேன். எங்கள் பக்கம் சாவு விழுந்தால், கூட்டம் சேருவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் நிற்க வேண்டும். தாமதமானால் பிள்ளைகளைத்தான் பேசுவார்கள். நைனாவின் நல்ல படம் அவர் போனில்தான் இருந்தது. அதிலிருந்தே சதுரங்கப்பட்டினத்துக் கடைக்கு அனுப்பி, தேதியை மட்டும் விட்டு மற்றதைச் செய்து வைக்கச் சொன்னேன்.

நைனா பிழைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் கஞ்சி குடித்தபடி போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். படம் வந்த எண்ணுக்கே கடைக்காரர் டிசைனை அனுப்பியிருக்கிறார். அழித்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவே இல்லை.

"இன்னாம்மா, தேதி மட்டுந்தான் பாக்கியா?" என்றார்.

குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேன். போனை வாங்கி வைத்துவிட்டு, கஞ்சி ஆறுகிறது என்றேன்.

அதற்குப் பிறகு மனிதர் மாறிவிட்டார். மாத்திரைக்கு அடம்பிடிப்பதில்லை. அறுந்த செருப்புக்குப் பதில் புதிது வாங்கலாம் என்றால் எதற்கு என்பார். விடிந்ததும் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, வாசலைப் பார்த்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அந்த முதுகைத் தாண்டிப் போக முடியாமல் சொந்த வீட்டில் பின்கதவு வழியாக வேலைக்குப் போக ஆரம்பித்தேன்.

ஒரு காலை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. முன்வாசல் வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. எங்கே கிளம்பியிருக்கிறார் என்று சும்மா கேட்டுவைத்தேன்.

"எங்கயும் இல்லம்மா. நீ ரெடியா கீற. நான்தான் லேட்டு பண்ணிகினு கீறேன்."

நான் ரெடியாக இல்லை நைனா, பயத்தில் செய்துவிட்டேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகச் சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு ஓடினேன்.

பதினொரு மணிக்குத் தம்பி போன் செய்தான். நைனாவுக்குக் கொஞ்சம் சீரியஸ், உடனே வா என்றான். எங்கள் ஊரில் செத்தவரைச் செத்துவிட்டார் என்று யாரும் போனில் சொல்வதில்லை, சீரியஸ் என்றுதான் சொல்வார்கள். நானே நாலு பேருக்கு அப்படிச் சொல்லியிருக்கிறேன். தெரிந்தும் அன்றைக்கு நம்பினேன். நம்பத்தான் வேண்டியிருந்தது. திருக்கழுக்குன்றம் தாண்டியும், போனதும் அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸைவிட்டு இறங்கி நிமிர்ந்தால், தெருமுனையில் பேனரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைய தேதி போட்டிருந்தது.