பின்னால் இழுத்தால் முதல் கியர்

கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளியில் அவருக்கு இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஊரில் எல்லோரும் அவரைக் 'கிளட்ச் வாத்தியார்' என்றுதான் சொல்வார்கள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து ஒரு நாளைக்கு முந்நூறு முறையாவது "கிளட்ச்! கிளட்ச்!" என்று கத்துகிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? டாக்டர், பேராசிரியை, ஓய்வுபெற்ற நீதிபதி என்று பெரிய பெரிய ஆட்களெல்லாம் அவரிடம் திட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். "பதினஞ்சு நாள்ல கை தானா பழகிடும். பழகலைன்னா அது கை இல்ல, அகப்பை" என்பார்.

ஊருக்கெல்லாம் கற்றுத்தந்தவர் மனைவிக்கு மட்டும் கற்றுத்தரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் ஆசையாகக் கேட்டாள். "உனக்குப் பொறுமை பத்தாது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். பொறுமையைப் பற்றி யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? அவள் அடுத்த தெருவில் இருந்த இன்னொரு பள்ளியில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கிவிட்டாள். போட்டிக்காரனிடம் போனாளே என்று வாத்தியார் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அதன் பிறகு எந்த வண்டியையும் அவளைத் தொட விடவில்லை. லைசென்ஸ் பீரோவில் தூங்கியது. புதுப்பிக்கிற நாளில் மட்டும் எழுந்து வெளியே போய்வரும்.

ஐம்பதை நெருங்கும்போது வாத்தியாருக்குக் கிட் கார் பைத்தியம் பிடித்தது. அடிச்சட்டம், உடல், விளக்கு, இருக்கை எல்லாம் பெட்டி பெட்டியாக வரும். நாமே பூட்டிக்கொள்ள வேண்டும். எஞ்சினையும் கியர் பெட்டியையும் ஒரு பழைய காரிலிருந்து பிடுங்கி வைத்தார். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட்டில் ஆறு வருடம். கதவு இல்லாத, கூரை இல்லாத, தாழ்வான சிவப்பு வண்டி ஒன்று மெல்ல உருவாகிவந்தது.

எல்லாம் சரியாக அமைந்தது, கியர் தண்டைத் தவிர. கியர் பெட்டி இந்த வண்டியில் பின்னால் தள்ளி உட்கார்ந்ததால், பழைய தண்டு முழங்கைக்குப் பின்னால் போய் முளைத்தது. போதாததற்கு, ஒரு கியரிலிருந்து அடுத்ததற்கு ஒரு சாண் தூரம் போய்வந்தது. மற்றவர்களின் கியரைத் தட்டித் தட்டியே ஆயுசைக் கழித்தவருக்கு அது அவமானமாக இருந்தது. தானே ஒரு குட்டைத் தண்டு செய்வதென்று இறங்கினார். பழைய தண்டை அடிக்கட்டை மட்டும் விட்டு அறுத்து, முன்னால் புதிதாக ஓர் அச்சு வைத்து, அதில் கட்டைவிரல் பருமனில் ஒரு தண்டு நட்டார். இரண்டையும் ஒரு நீளக் கம்பியால் இணைத்தார். அச்சுக்கு லேத் பட்டறையில் கடைந்து வாங்கிய புஷ் வளையம், உச்சியில் மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து கழற்றிய மரக்குமிழ். தூரம் இரண்டு விரற்கடையாகச் சுருங்கியது. அந்த அளவுக்குத் தள்ளுகிற பளு கூடியது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

இந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். அவர் ஸ்பேனரோடு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வார். அவள் மேலே இருக்கையில். அறுத்த தண்டின் அடிக்கட்டையை அவர் கீழிருந்து கையால் தள்ளி, "இதான் ஒண்ணு. இப்ப நீ போடு" என்பார். அவள் கைக்குள் குமிழ் எந்தப் பக்கம் நகர்ந்ததோ அந்தப் பக்கம் போடுவாள். "ரெண்டு... மூணு... இறுக்கமா இருக்கா?" "இருக்குங்க." நாலு மாதம், தினமும் சாயங்காலம் ஒரு மணி நேரம்.

கடைசி வெல்டிங் முடிந்த அன்றுதான் வாத்தியார் முதன்முதலாக இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். குமிழை முன்னால் தள்ளி முதல் கியர் போட்டு, கிளட்சை விட்டார். வண்டி ஒரு உதறு உதறி நின்றது. மறுபடி போட்டார். மறுபடி நின்றது.

"முன்னால தள்ளினா ரெண்டுங்க. ஒண்ணு பின்னால" என்றாள் அவள்.

நடுவில் அச்சு வைத்த எந்தத் தண்டும் பூங்காவில் இருக்கிற சீசா மாதிரிதான். மேல் முனை முன்னால் போனால் கீழ் முனை பின்னால் போகும். கம்பியை அவர் கீழ் முனையில் பூட்டித் தொலைத்திருந்தார். ஒன்று இரண்டாகவும், மூன்று நாலாகவும், ஐந்து ரிவர்ஸாகவும் இடம் மாறிக் கிடந்தன.

"நாலு மாசமா ஏன் சொல்லல?"

"வண்டி விஷயத்துல வாயத் தொறக்காதன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் இதுக்கு இப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

மறுநாளிலிருந்து வாத்தியார் கேட்டவர்களிடமெல்லாம், "பந்தயக் கார்ல இப்படித்தான்" என்று சப்பைக்கட்டு கட்ட ஆரம்பித்தார். குமிழ் மேல் கியர் எண்களையும் அப்படியே தலைகீழாக எழுதிவைத்தார்.

வீட்டில் பூட்டிய வண்டி ரோட்டில் ஏற வேண்டுமானால் வாகன ஆய்வாளர் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அவர் நல்ல மனிதர். வெல்டிங், பிரேக், விளக்கு எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். "எந்தப் பக்கம் விழுந்தா என்ன வாத்தியாரே, குமிழ் மேல எழுதியிருக்கிற மாதிரி விழுந்தா போதும்" என்று கியர் தண்டுக்கும் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்தினார். பாக்கி ஒன்றே ஒன்று: மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி, கோடு போட்ட கட்டத்துக்குள் பின்னோக்கி நிறுத்த வேண்டும். அதற்கு மூன்று வாய்ப்பு. முதல் தடவை வாத்தியார் கிளம்புகிற இடத்திலேயே வண்டியை நாலு முறை உதறி நிறுத்தினார்.

இரண்டாவது தடவை எப்படியோ சுற்றி வந்துவிட்டார். கட்டத்துக்கு முன்னால் நிறுத்தி, திரும்பிப் பின்னால் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் போட்டார். விழுந்தது ஐந்து. வண்டி முனகிக்கொண்டே முன்னால் ஊர்ந்து ஆய்வாளரின் பிளாஸ்டிக் நாற்காலி மேல் ஏறியது. ஆய்வாளர் அப்போது டீ குடிக்கப் போயிருந்தது இரண்டு பேருக்கும் நல்ல நேரம்.

"தண்டையே மாத்திடட்டுமா சார்?"

"கையெழுத்துப் போட்ட பாகத்துல கை வெச்சா எல்லாம் முதல்லேர்ந்து. விண்ணப்பமே ரத்து. இன்னும் ஒரு தடவைதான் இருக்கு. போய்ப் பழகிட்டு வாங்க. பதினஞ்சு நாள் தரேன்."

பதினைந்து நாள்! சாயங்காலம் ஷெட்டில் ஒரு மணி நேரம் கை பழகியதைக் காலையில் பள்ளிக்கூட வண்டி எட்டு மணி நேரத்தில் துடைத்துவிடும். பத்தாம் நாள் அது தலைகீழானது. கற்றுக்கொள்ள வந்த ஒரு தையல்காரருக்குக் கிளம்பிக் காட்டுகிறேன் என்று பள்ளிக்கூட வண்டியையே இரண்டாம் கியரில் எடுத்து, உதறி நிறுத்தினார். தையல்காரர் பவ்யமாக, "சார், கிளட்ச்" என்றார். சக வாத்தியார்கள் இருவரைக் கூப்பிட்டுச் சிவப்பு வண்டியை ஓட்டச் சொன்னார். அவர்களும் தலைக்கு மூன்று முறை வண்டியை உதறி நிறுத்திவிட்டு, வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார்கள்.

கடைசி நாள் மைதானத்தில் வாத்தியாரின் முகத்தில் ஈயாடவில்லை. ஆறு வருடம் இன்றோடு பழைய இரும்பாகிவிடும் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இருக்கையில் ஏறாமல் வண்டியைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நீங்கதான் ஓட்டணும்னு இல்ல. லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். நான் வண்டியத்தான் பாக்குறேன்" என்றார் ஆய்வாளர்.

கூட வந்திருந்த மனைவி கைப்பையிலிருந்து லைசென்ஸை எடுத்து நீட்டினாள். அவரிடம் கேட்கவே இல்லை. காலை உள்ளே விட்டு உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்துக்கொண்டாள். குமிழைப் பின்னால் இழுத்தாள். கிளம்பும்போது ஒரு சின்னக் குலுக்கல், அவ்வளவுதான். முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, முன்னால் நாலு. கையைப் பார்க்காமல் ஓட்டினாள். சுற்றி வந்து, கட்டத்துக்குள் பின்னோக்கிப் பாந்தமாக நிறுத்தி எஞ்சினை அணைத்தாள்.

ஆய்வாளர் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "அருமையா ஓட்டுறீங்கம்மா. யாருகிட்ட கத்துக்கிட்டீங்க?" என்றார்.

அவள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "இவருகிட்டதான்."

அவள் குத்திக்காட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவளோ மனதாரச் சொன்னாள். வாத்தியாரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"இல்ல சார். நான் இவளுக்கு ஒண்ணுமே கத்துக்குடுக்கல. கேட்டப்போ முடியாதுன்னுட்டேன்."

ஆய்வாளர் முகம் மலர எழுந்து அவர் முதுகில் தட்டினார். "வாத்தியார்னா இப்படியில்ல இருக்கணும்! எவ்ளோ அடக்கம்!"