தொட்டிக்குள் ஒரு டெத் மெட்டல்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணோமே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. காரணம், அதற்கு முந்தைய புதன்கிழமை நான் ஒரு முழுத் தொழிற்சாலையை நிறுத்தினேன். நானே. இந்தக் கையால்.

பத்தி எழுதுகிற ஆளுக்கு இது எங்கே வாய்த்தது என்கிறீர்களா? வாரத்தில் ஒரு நாள்தான் நான் உங்கள் ஆள். மீதி ஆறு நாளும் ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனியில் சேஃப்டி ஆபீசர். தகட்டை அழுத்தி கார்க் கதவு எடுக்கிற தொழிற்சாலை. காலையில் வேலைக்கு வந்தவன் பத்து விரலோடு வீடு திரும்புகிறானா என்று பார்ப்பது என் வேலை.

மதியம் பன்னிரண்டே முக்கால் இருக்கும். பாதிப் பேர் சாப்பிடப் போயிருந்தார்கள், மீதிப் பேர் லைனில். நான் கேன்டீனுக்குப் பின்னால் கை கழுவிக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் கேட்டது.

எப்படிச் சொல்ல? பதினெட்டு வருஷ சர்வீஸில் மனுஷன் கத்திக் கேட்டிருக்கிறேன். கை நசுங்கியவன் கத்துவது ஒரு மாதிரி, கரன்ட் அடித்தவன் கத்துவது ஒரு மாதிரி. இது இரண்டிலும் சேரவில்லை. பூமிக்கு அடியிலிருந்து, அடிவயிற்றைக் கிழித்துக்கொண்டு... ஓர் உறுமல். மூச்சு தீர்கிற வரை போகும். ஒரு விநாடி நிற்கும். மறுபடியும் ஆரம்பிக்கும்.

எவனோ மாட்டிக்கொண்டான்! எந்த மெஷினில்? தெரியாது. தெரியாவிட்டால் என்ன செய்வது? எல்லாவற்றையும் நிறுத்த வேண்டியதுதான். ஓடிப்போய் பிரஸ் ஷாப் வாசலில் இருக்கிற சிவப்புப் பட்டனை ஓங்கி அடித்தேன்.

தகடு அழுத்துகிற பிரஸ்கள் நின்றன. சைரன் அலறியது. சோற்றுக் கையோடு ஆட்கள் கேட் பக்கம் திடலுக்கு ஓடினார்கள். எங்கள் லைன் நிற்பது சின்ன விஷயமில்லை. நாங்கள் கதவு அனுப்ப அனுப்பத்தான் அந்தப் பக்கம் கார் செய்கிறவர்கள் மாட்டுவார்கள். நாங்கள் நின்றால் அவர்களும் நிற்பார்கள். பிளான்ட் ஹெட் செல்போனும் கையுமாக, வியர்த்துப்போய், என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தலை எண்ணினோம். ஒரு தலை குறைந்தது.

தணிகாசலம். சேரப்பணஞ்சேரிக்காரன், இருபத்து மூன்று வயது, டிரெய்னி. அடுத்த மாதத்தோடு இரண்டு வருஷம் முடிகிறது, பர்மனென்ட் ஆர்டர் டைப் அடித்துத் தயாராக இருந்தது. அவன் அம்மாவிடம் என்ன சொல்வது என்றுகூட மனசுக்குள் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

மெஷின்கள் அடங்கியிருந்ததால் அந்த உறுமல் இப்போது தெளிவாகக் கேட்டது. கேன்டீனுக்குப் பின்னால், தீயணைப்புத் தண்ணீருக்காகப் புதிதாகக் கட்டிய நிலத்தடித் தொட்டி. இன்னும் தண்ணீர் விடவில்லை. இரும்பு மூடி ஒரு முழம் நகர்ந்திருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன்.

உள்ளே நின்றுகொண்டிருந்தான். முழுசாக. கண்ணை இறுக மூடி, காதில் வாக்மேன், வாயருகே ஒரு குட்டி டேப் ரெக்கார்டர். ஹெல்மெட் மட்டும் ஒழுங்காகப் போட்டிருந்தான். கழுத்து நரம்பு புடைக்க உறுமிக்கொண்டிருந்தான்.

"டேய்!"

கண்ணைத் திறந்தான். "இன்னா சார், லஞ்ச் முடிஞ்சிட்ச்சா?"

"என்னடா பண்றே உள்ள?"

"பாட்டு சார்."

"பாட்டா?!"

"ஆல்பம் சார். அஞ்சாவது பாட்டு. வூட்ல பாடுனா அம்மா மந்திரிக்கக் கூட்டிகினு போய்டுது. இங்க எக்கோ சூப்பரா கீது."

"சைரன் கேக்கலையா உனக்கு?"

"கேட்டுச்சு சார். மியூசிக் போடுற ஜெபராஜ் பாட்டுல புச்சா எதுனா சேத்துட்டான்னு நெனச்சேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு... ஆனால் அடுத்து அவன் சொன்னதில் கோபமெல்லாம் பறந்துவிட்டது. "தல மட்டும் கொஞ்சம் சுத்துது சார். ஃபீலிங்க்ல சுத்துதுன்னு வுட்டுட்டேன்."

ஃபீலிங்கா? தொட்டி உள்சுவருக்குப் பெயிண்ட் அடித்துப் பத்து நாள் ஆகவில்லை. காற்றுப் போக வழியில்லாத இடம். பர்மிட் எழுதி, காற்றைச் சோதித்து, மேலே ஓர் ஆளை நிறுத்தாமல் அதற்குள் யாரும் இறங்கக் கூடாது. இன்னொரு பாட்டுப் பாடியிருந்தால் பையனைக் கயிறு கட்டித்தான் தூக்கியிருப்போம்.

ஏணி வழியாக ஏறி வந்தான். ரெக்கார்டரை வாங்கிக்கொண்டேன். எவிடென்ஸ்!

நாற்பத்தேழு நிமிஷம் லைன் நின்றது. சாயங்காலமே அவன் கையில் சஸ்பென்ஷன் ஆர்டர். பர்மிட் இல்லாமல் தொட்டிக்குள் இறங்கினான், உற்பத்தி நிற்கக் காரணமானான், மூடியின் பூட்டை உடைத்தான். மூன்று குற்றம். மூன்றாவதுதான் பெரியது. ஆர்வக்கோளாறில் இறங்கினான் என்றால் திட்டிவிட்டு விடலாம். கம்பெனிப் பூட்டை உடைத்தவனுக்கு யார் பர்மனென்ட் ஆர்டர் கொடுப்பார்கள்? விசாரணை அடுத்த திங்கட்கிழமை. முடிவு எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்ரீபெரும்புதூரில் என் வீட்டுக் கதவைத் தட்டினான் ஓர் ஒல்லிப் பையன். கையில் ஒரு சிடி, ஒரு நோட்டு.

"சார், நான் ஜெபராஜ். பாளையங்கோட்டை. மறைமலை நகர்ல வேல பாக்கேன். தணிகா ஆல்பத்துக்குக் கீபோர்டு நான்தான். அவன் போவாதேன்னுதான் சொன்னான். மனசு கேக்கல, வந்துட்டேன்."

"உட்காருப்பா. அது என்ன ஆல்பம்?"

"மெலோடிக் டெத் மெட்டல் சார், ராக் மியூசிக்ல ஒரு வகை. சிம்பொனி கலந்தது. தாளம் மாறி மாறிப் போற புரோக்ரெசிவ்வும் உண்டு."

டெத்! அந்த ஒரு வார்த்தையை எங்கள் டிபார்ட்மென்ட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். 'சம்பவம்' என்போம். இவர்கள் அதையே பெயராக வைத்திருக்கிறார்கள்.

அவனுக்கு வேண்டியது நான் வாங்கி வைத்த ரெக்கார்டருக்குள் இருந்த கேசட். இசை எல்லாம் முடிந்து சிடியில் இருக்கிறது, குரல் மட்டும்தான் பாக்கி. அந்தக் குரல் இருப்பது என் அலமாரியில். "வேல போனாப் போகட்டும், குரல் போயிறக் கூடாதுங்கான் சார். கிறுக்குப் பய."

"குரலா அது? என்னப்பா, உறுமுறான்?"

"அது அவன் இல்ல சார். ஏரி."

"எந்த ஏரி?"

"மூடின ஏரி சார். மண்ணக் கொட்டி மேடாக்கி பிளாட் போட்டுட்டாங்கல்லா, அது பேசுது. ஒம்போது பாட்டும் அதுதான். ஏரி பேசுதுன்னா சாதாரண மனுஷக் குரல்ல பேசுமா, நீங்களே சொல்லுங்க?"

நோட்டைத் திறந்து காட்டினான். தணிகாவின் கோணல் கையெழுத்து. 'என்மேல் கொட்டிய மண்ணை எண்ணி வைத்திருக்கிறேன், மழை வரட்டும்' என்று ஒரு வரி. எனக்குச் சுரீர் என்றது. எழுந்து போய் ரெக்கார்டரோடு கேசட்டை எடுத்து வந்தேன்.

"ஒரு தடவ சேத்துக் கேட்டுருவோமா சார்? கேசட்டுல அவன் சுவத்துல மூணு தட்டு தட்டுவான். மூணாவது தட்டுக்கு அவன் வாக்மேன விட்ட மாதிரியே நீங்க சிடிய விடணும்."

அப்படித்தான் அந்தப் பாட்டை உலகத்திலேயே முதன்முதலாக என் வீட்டு ஹாலில் கேட்டோம். ரெக்கார்டர் அவன் மடியில், சிடி பிளேயரில் என் விரல். டொக், டொக், டொக்.

முதலில் வயலின்கள். ஒன்றிரண்டு இல்லை, வரிசை வரிசையாக. எல்லாம் இந்த ஒல்லிப் பையனின் கீபோர்டு! சர்ச்சில் கேட்கிற மாதிரி கூட்டுக் குரல் எழும்பியது. அப்புறம் இரண்டு கிடார், போட்டி போட்டுக்கொண்டு ஒரே மெட்டில். டிரம்ஸ் சேர்ந்தபோது எங்கள் பிரஸ் ஷாப்பே ஹாலுக்குள் வந்துவிட்டது. கண்ட நடையில் போய்க்கொண்டிருந்தது, சொல்லாமல் கொள்ளாமல் மிஸ்ரத்துக்குத் தாவியது. தொடையில் தாளம் போட்டுப் பார்த்துத் தோற்றேன்.

அப்போது அந்த உறுமல் வந்தது.

சமையலறையிலிருந்து என் மனைவி கரண்டியோடு ஓடி வந்தாள். "ஏங்க, யாருக்கு என்ன ஆச்சு?"

"உட்கார். ஏரி பேசுது" என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். அப்புறம் எழுந்திருக்கவில்லை.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஆடிப்போய்விட்டேன். புதன்கிழமை என்னை நடுங்க வைத்த அதே சத்தம்தான். அடியில் அந்த வயலின்கள் ஓடியதும் அது அழுகையாகிவிட்டது. இதையா கேட்டு நான் பட்டனை அடித்தேன்? பாட்டு பதினான்கு நிமிஷம். நடுவில் சைரன் வந்தது, நான் அடித்த அதே சைரன்! ஜெபராஜ் துள்ளிவிட்டான். "எய்யா, சுதி சேருது சார்! அப்படியே வச்சுக்கிடலாம்!"

கடைசி ஒரு நிமிஷம். கிடார், டிரம்ஸ் எல்லாம் ஓய்ந்து வயலின் மட்டும் தனியாக. கேசட்டில் மூடி நகருகிற சத்தம், 'டேய்' என்று நான் கத்துவது, அவன் ஏணியில் ஏறுகிற காலடி. ரெக்கார்டரை அவன் அணைக்கவே இல்லை போல. அதைக் கையில் வாங்கிய நானும் கவனிக்கவில்லை. பிறகு, வயலினுக்கு மேலே, காதோடு பேசுகிற மாதிரி என் குரல் கேட்டது.

"ஐயையோ... பூட்டே இல்லையே. பூட்டு ஓகேன்னு காலைல டிக் போட்டேனே... பார்க்காமலே போட்டுட்டேனே..."

நான் அப்படி முணுமுணுத்ததே எனக்கு ஞாபகமில்லை. ஆனால் நான் செய்தது ஞாபகமிருந்தது. புதன்கிழமையிலிருந்து ஒவ்வொரு நிமிஷமும் ஞாபகமிருந்தது.

உங்களிடமும்தான் இவ்வளவு நேரம் சொல்லாமல் மறைத்தேன். தினம் காலையில் நான் நிரப்ப வேண்டிய செக் ஷீட் ஒன்று உண்டு. மொத்தம் முப்பத்தெட்டு இடம். ஒவ்வோர் இடமாக நடந்து போய்ப் பார்த்து டிக் போட வேண்டும். நான் எப்படிப் போடுவேன் தெரியுமா? நாற்காலியில் உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே. மேலிருந்து கீழே, சர் சர் சர். ஐந்து நிமிஷம். அந்த ஷீட்டில் 'தொட்டி மூடி, பூட்டு — ஓகே' என்று இருந்ததால்தான் தணிகா பூட்டை உடைத்தவன் ஆனான். அவன் உடைக்கவே இல்லை. உடைக்க அங்கே பூட்டே இல்லை. எனக்குத் தெரியும். நான் வாய் திறக்கவில்லை.

சிடி தானாக நின்றது. ஜெபராஜ் ரெக்கார்டரை அணைத்து, டீப்பாய் மேல் மெதுவாக வைத்தான்.

"கேசட் உங்ககிட்டயே இருக்கட்டும் சார். எப்ப குடுக்கணும்னு தோணுதோ, அப்பக் குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "நாளைக்கு விசாரணை எத்தனை மணிக்கு?"

அன்று சாயங்காலம் முழுக்க என் விரல் அந்த ரெக்கார்ட் பட்டன்மேல் போய்ப் போய் வந்தது. ஒரே ஓர் அமுக்கு. என் குரல் அழிந்துவிடும். ஜெபராஜ் சொன்னால் யார் நம்புவார்கள்? பெண் பத்தாவது படிக்கிறாள், இந்த வயதில் வேலை போனால் எங்கே போவேன்... எல்லாம் யோசித்தேன். நான் ஒன்றும் யோக்கிய சிகாமணி இல்லை. பட்டன்மேல் விரல் வைக்கும்போதெல்லாம் 'தல கொஞ்சம் சுத்துது சார்' என்று அவன் சிரித்தது கண்ணில் வந்தது. அவன் செத்திருந்தாலும் அந்த ஷீட்டில் ஓகே என்றுதானே இருந்திருக்கும்? அழிக்கவில்லை.

திங்கட்கிழமை பத்து மணி. பிளான்ட் ஹெட், எச்.ஆர். மேனேஜர், நான். எதிரே தணிகா, இஸ்திரி போட்ட யூனிஃபார்மில்.

"லாக்கை எதால உடைச்சே?" என்றார் பிளான்ட் ஹெட்.

"லாக்கே இல்ல சார்."

"பொய் சொல்லாத. காலையில செக் பண்ணி ஓகே போட்டிருக்காங்க."

"அப்டியா சார்? அப்ப எனக்குத் தெரில சார்" என்றான். ஓர் ஆபீசர் கையெழுத்தை அவன் அவ்வளவு நம்பினான். தன் கண்ணைவிட.

என்னால் தாங்க முடியவில்லை. ரெக்கார்டரை மேஜையில் வைத்து ஓட விட்டேன். உறுமல் கிளம்பியதும் எச்.ஆர். மேனேஜர் தண்ணீர் கிளாஸைத் தட்டிவிட்டார். பிளான்ட் ஹெட் எழுந்தே நின்றுவிட்டார். "நிறுத்துங்க சார் இந்தக் கண்றாவியை!"

"இன்னும் கொஞ்சம் இருக்கு சார்" என்று கடைசிப் பகுதிக்கு ஓட்டினேன். இப்போது வயலின் இல்லை. வெறும் என் குரல். தணிகா வாயைப் பிளந்துகொண்டு என்னைப் பார்த்தான்.

"இது யாரு?" என்றார் பிளான்ட் ஹெட். அவருக்குத் தெரியாமல் இல்லை.

"நான்தான் சார்."

அன்று எனக்கு விழுந்த திட்டை இங்கே அச்சில் ஏற்ற முடியாது. மெமோ கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன். வேலையை விட்டு அனுப்பவில்லை. தணிகாவுக்கு எச்சரிக்கைக் கடிதமும் மூன்று மாதம் கூடுதல் டிரெய்னிங்கும். அது முடிந்ததும் பர்மனென்ட். கேசட்டை அவன் கையிலேயே கொடுத்தேன். "தேங்க்ஸ் சார்" என்றான். அந்த தேங்க்ஸை நான் எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் காலை டீ குடிக்காமல் செக் ஷீட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முப்பத்தெட்டு இடமும் நடந்தே பார்த்தேன். ஐந்து நிமிஷ வேலை, மூன்று மணி நேரம் பிடித்தது.

பூட்டில்லாத மூடி இன்னும் மூன்று இருந்தன. அவற்றுக்குள் யாரும் பாடவில்லை, அவ்வளவுதான்.